கம்பங்களுக்கு நடுவே

பந்து அந்தப் பக்கம் இருக்கிறது.

இந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார்.

*

கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர். தரையிலிருந்து குறுக்குக் கம்பம் 2.44 மீட்டர்.

பின்னால் வலை. வலைக்குப் பின்னால் முகங்கள்.

அந்த வெளியின் முன்னால் லெவ் யாஷின். மாஸ்கோ டைனமோவின் கோல்கீப்பர். லீகில் முதல் ஆட்டம் 1950இல். கடைசி ஆட்டம் 1970இல். நடுவே 326 ஆட்டங்கள். வேறு அணி இல்லை.

ஆடுகளங்கள் மாறுகின்றன. ஊர்கள் மாறுகின்றன. நிற்கும் இடத்தின் அளவு மாறுவதில்லை.

*

பழைய படச்சுருள். கறுப்பு வெள்ளை. ஓரங்களில் கீறல்.

காமிரா பந்தோடு போகிறது. பந்து எங்கே திரும்புகிறதோ அங்கே திரும்புகிறது. அவரிடம் எப்போதாவது வருகிறது. சில நொடிகள். ஒரு தாவல். மறுபடி நடுக்களம்.

மிச்ச நேரமெல்லாம் அவர் படத்துக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தைப் பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

*

நிற்கும்போதே நகர்கிறார்.

பந்து இடப்பக்கம் போகிறது. அவர் அரை அடி இடப்பக்கம். பந்து பின்னால் போகிறது. அவர் கோட்டை விட்டு இரண்டு எட்டு முன்னால். பந்துக்கும் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு முக்கோணம். அது விரிகிறது, சுருங்குகிறது. அவர் அதற்குள் இருக்கிறார்.

முன்னால் வந்தால் உதைப்பவனுக்குக் கோல் சிறிதாகத் தெரியும். அளவுக்கு மீறி வந்தால் பந்து தலைக்கு மேலே போகும்.

எவ்வளவு போதும் என்பது எங்கும் எழுதியில்லை. கால் சொல்கிறது.

*

அவருடைய காலத்தில் பல கோல்கீப்பர்கள் கோட்டின் மேலேயே நிற்கிறார்கள். யாஷின் வெளியே வருகிறார். பெனால்டி எல்லைக்கோட்டைத் தாண்டியும் வருகிறார். பிடிக்க முடியாத பந்தைக் குத்தி அனுப்புகிறார். தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்து ஓயாமல் கத்துகிறார்.

அந்தக் கத்தலும் ஒருவகை நிற்றல்தான் என்று தோன்றுகிறது. குரல் உடம்புக்கு முன்னால் போய் நிற்கிறது.

*

1929, அக்டோபர் 22. மாஸ்கோ. தொழிலாளர் குடும்பம்.

போர் வருகிறது. தொழிற்சாலை கிழக்கே போகிறது. குடும்பமும் போகிறது. பதின்மூன்று வயதில் பையன் ஆயுதத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கற்கிறான்.

கை முதலில் இரும்பைத் தெரிந்துகொள்கிறது. அதன் குளிரை. அதன் எடையை.

பந்து பிறகு.

*

பதினெட்டு வயதில் ஏதோ ஒன்று நின்றுபோகிறது.

விடிகிறது. ஆலைக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. உள்ளே ஒரு வெறுமை. வேலைக்கு வராமலிருப்பது அந்த நாட்டில், அந்த ஆண்டுகளில், குற்றம்.

ராணுவத்தில் சேர்கிறார். அங்கே ஆடுகிறார். டைனமோ இளைஞர் அணியின் பயிற்சியாளர் அர்காதி செர்னிஷேவ் பார்க்கிறார்.

அவர் என்ன பார்த்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உயரத்தையா. கைகளையா. பந்து வராத நேரத்தில் அந்தப் பையன் நின்ற விதத்தையா.

*

ஸ்டாலின்கிராட் அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம்.

எதிரணி கோல்கீப்பர் அந்தக் கோடியிலிருந்து நெடுக உதைக்கிறார். பந்து உயரப் போகிறது. யாஷின் அண்ணாந்து பார்த்தபடி வருகிறார். தன் அணிக்காரர்மேலேயே மோதுகிறார். பந்து துள்ளி வலைக்குள் போகிறது.

கோல்கீப்பர் அடித்த கோல், கோல்கீப்பர் வாங்கிய கோல்.

*

1950, ஜூலை. டைனமோவின் கோல்கீப்பர் அலெக்ஸி கோமிச்சுக்கு அடிபடுகிறது. யாஷின் இறங்குகிறார். எதிரே ஸ்பார்ட்டக். மறுபடி உயரத்தில் ஒரு பந்து. மறுபடி தன் ஆளோடு மோதல். மறுபடி வலை.

அடுத்து திபிலிசி அணியோடு ஆடும்போது நான்கு கோல்கள்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் ரிசர்வ் அணி.

இந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி எழுதியவர்கள் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். கடக்க மனமில்லை. காலையில் பயிற்சி. மாலையில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் நிற்கிறார். அவர் நின்றது இருபது ஆண்டு என்கிறோம். நிற்காமல் நின்ற ஆண்டுகளும் அதற்குள் இருக்கின்றன.

*

குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி.

அங்கேயும் கோல்கீப்பர். பனித்தரை. உள்ளங்கை அளவு ரப்பர் வட்டு. வருவது தெரிவதற்குள் வந்துவிடுகிறது.

1953இல் டைனமோ சோவியத் ஹாக்கிக் கோப்பையை வெல்கிறது. கம்பங்களுக்கு நடுவே அவர். அதே ஆண்டு கால்பந்துக் கோப்பையும்.

பிறகு ஹாக்கியை விடுகிறார்.

*

மூச்சு உள்ளே வருகிறது.

நிற்கிறது.

வெளியே போகிறது.

*

கோமிச் ஆட்டத்தை விட்டபின் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆகிறார்.

காமிராவோடு ஆடுகளத்தின் ஓரத்துக்கு வருகிறார். தன் இடத்தில் நிற்பவரை லென்ஸ் வழியாகப் பார்க்கிறார்.

எந்தக் கணத்தில் விரல் அழுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தாவலுக்குச் சற்று முன்பு. எடை ஒரு காலுக்கு மாறும்போது.

*

மெல்போர்ன். 1956, நவம்பர் 29. ஒலிம்பிக் காலிறுதி. சோவியத் யூனியனும் இந்தோனேசியாவும்.

ஆட்டம் முழுக்க ஒரே பக்கம். இந்தோனேசிய கோல்கீப்பர் மௌல்வி சைலான் விழுகிறார், எழுகிறார், விழுகிறார். கோல் இல்லை. ஆட்டம் 0–0.

மறுகோடியில் யாஷின்.

அவரைப் பற்றி அன்று எழுத அதிகம் எதுவும் இல்லை. தாவாத உடம்பு. தொடாத பந்து. ஆனாலும் ஒரு நொடிகூட விலக முடியாது. வேலை இல்லாத நேரம்தான் வேலை.

சில நாளில் மறு ஆட்டம். 4–0. டிசம்பர் 8, இறுதி ஆட்டம். யூகோஸ்லாவியாவுக்கு எதிராக 1–0. தங்கம்.

*

அதே மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசூசா அடித்த மூன்று கோல்கள் இன்றும் பேசப்படுகின்றன.

அந்த அணியில் கோல்கீப்பராக மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பீட்டர் தங்கராஜும் இருக்கிறார். நெடிய மனிதர். அந்தப் பெயரைச் சொன்னால் தெரிந்த முகங்கள் இப்போது குறைவு.

அடித்த கோலுக்கு எண் உண்டு. விழாத கோலுக்கு எண் இல்லை.

*

தோல் பந்து. மழையில் நீரைக் குடிக்கிறது. இரண்டாம் பாதியில் கனக்கிறது.

நெஞ்சோடு அணைக்கும்போது சேறு, ஈரம், மாட்டுத்தோல் வாசனை. விலா எலும்பில் ஒரு இடி.

பிறகு அமைதி. பந்து கைக்குள்.

அவர் காலத்தில் தன் அணிக்காரர் காலால் பின்னே தரும் பந்தையும் கையில் எடுக்கலாம். அந்த வழியை விதி 1992இல் அடைக்கிறது. அதுவரை ஆட்டத்துக்கு நடுவே அப்படி ஒரு இளைப்பாறல் இருக்கிறது. முன்னணியில் இருக்கும் அணி அதை நீட்டிக்கொண்டே போகும்.

யாஷின் நீட்டுவதில்லை. பிடித்ததும் கண் முன்னால் பார்க்கிறது. கை வீசுகிறது. தடுத்த இடத்திலிருந்தே அடுத்த தாக்குதல் கிளம்புகிறது.

வருவதும் போவதும் ஒரே அசைவில்.

*

கறுப்புச் சிலந்தி என்கிறார்கள். கறுப்புச் சிறுத்தை என்கிறார்கள்.

சட்டை அடர்நீலம் என்றும் சொல்கிறார்கள். படச்சுருளில் நீலம் தெரிவதில்லை.

*

தலையில் தட்டையான தொப்பி. பந்தைத் தலையால் முட்ட வேண்டி வந்தால் தொப்பியைக் கழற்றி, முட்டி, மறுபடி அணிவாராம்.

இந்தக் காட்சியை வெகுநேரம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். எதிராளி ஓடி வருகிறான். தொப்பி கழல்கிறது. பந்து போகிறது. தொப்பி திரும்புகிறது.

அவசரத்துக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது.

*

பெனால்டி. பதினோரு மீட்டர்.

பந்து வந்துசேர அரை நொடிகூட ஆவதில்லை. கண் பார்த்து, கால் தரையை உந்தி, உடம்பு கம்பம் வரை போக அதைவிட நேரம் வேண்டும். பார்த்த பிறகு கிளம்பினால் போய்ச்சேர முடியாது. பார்ப்பதற்கு முன் கிளம்பினால் உதைப்பவன் பார்த்துவிடுவான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்று.

1963, நவம்பர் 10, ரோம். எதிரே இத்தாலியின் மத்சோலா. யாஷின் தடுக்கிறார்.

அந்தக் கீற்றுக்குள் என்ன இருந்தது. எண்ணமா. எண்ணம் நுழையும் அளவு அகலம் அதற்கு இல்லை.

*

ஆட்டத்துக்கு முன் சிகரெட்.

இத்தனை பெரிய நிதானத்துக்குக் கீழே நடுங்கும் நரம்புகள். நிதானம் என்பது நடுக்கம் இல்லாததா, நடுக்கத்தின் மேல் நிற்பதா.

கேள்வி வருகிறது. போகிறது.

*

சிலி நாடு. அரிகா. வடக்கே பாலைவனம், மேற்கே பசிபிக். 1962, ஜூன் 3. உலகக் கோப்பை.

கொலம்பியாவுக்கு எதிராக 4–1 முன்னணி. கார்னர். கொலம்பியாவின் மார்கோஸ் உதைக்கிறார். பந்து தாழ்வாக, வளைந்து வருகிறது. அருகிலுள்ள கம்பத்தில் நிற்பவர் யாஷின் எடுப்பார் என்று விடுகிறார். யாஷின் அவர் எடுப்பார் என்று நிற்கிறார்.

இருவருக்கும் நடுவே பந்து துள்ளுகிறது. உள்ளே போகிறது.

ஆண்கள் உலகக் கோப்பையில் கார்னரிலிருந்து நேராக விழுந்த கோல் இன்றுவரை அது ஒன்றுதான்.

ஆட்டம் 4–4இல் முடிகிறது.

ஒரு வாரம் கழித்து அதே அரிகாவில் சிலி அணி. தொலைவிலிருந்து இரண்டு உதைகள். இரண்டு கோல்கள். 1–2. ஊருக்குத் திரும்ப வேண்டும்.

*

மாஸ்கோவில் யாரும் அந்த ஆட்டங்களைப் பார்க்கவில்லை. நேரடி ஒளிபரப்பு இல்லை. படித்தார்கள். யாஷினால் தோற்றோம் என்று படித்தார்கள்.

அவர் ஆடுகளத்தில் இறங்குகிறார். விசில். பந்து அவரிடம் போகும்போதெல்லாம் விசில்.

வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைகிறது.

முப்பத்திரண்டு வயது. ஆட்டம் போதும் என்று எண்ணுகிறார். ஊரை விட்டு விலகி மீன்பிடிக்கப் போகிறார்.

நீர். தூண்டில். மிதவை அசையவில்லை. யாரும் விசிலடிக்கவில்லை.

*

பார்போசாவின் நினைவு வருகிறது. மொசிர் பார்போசா. பிரேசில்.

1950, ஜூலை 16. மரக்கானா. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். சமநிலை போதும், பிரேசிலுக்குக் கோப்பை. 79ஆம் நிமிடம். உருகுவேயின் கிஜ்ஜா வலப்பக்கம் ஓடி வருகிறார். முதல் கோலுக்குச் செய்ததுபோல் நடுவே தருவார் என்று பார்போசா ஓர் அடி நகர்கிறார். அந்த ஓர் அடி விட்ட இடத்தில் பந்து போகிறது.

அவரும் கோல்கீப்பர்களில் மிக நல்லவர். வாஸ்கோ ட காமா அணிக்காரர். முந்தின ஆண்டு தென் அமெரிக்கக் கோப்பை வென்ற அணியில் நின்றவர். வெறுங்கையோடு ஆடியவர். விரல்கள் பலமுறை உடைந்தவர்.

2000ஆம் ஆண்டு இறக்கும்வரை அந்த ஓர் அடியைப் பற்றித்தான் அவரிடம் கேட்டார்கள். ஐம்பது வருடம்.

யாஷினுக்கு ஒரு 1963 வந்தது. பார்போசாவுக்கு வரவில்லை. இருவருக்கும் நடுவே திறமையில் இவ்வளவு தூரம் இல்லை. இதை நினைக்கும்போது நெஞ்சில் ஏதோ இறுகுகிறது. இறுகட்டும்.

*

1963.

ஆற்றிலிருந்து திரும்பி வந்தவர் நிற்கிறார். லீகில் 27 ஆட்டங்கள். அவரைத் தாண்டியது 6 கோல்கள். டைனமோ முதலிடம்.

அக்டோபர் 23. வெம்ப்ளி. இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் நூற்றாண்டு. உலக அணிக்காக முதல் பாதியில் யாஷின். கோல் விழவில்லை. இடைவேளையில் இடத்தை யூகோஸ்லாவியாவின் ஷோஷ்கிச்சிடம் கொடுக்கிறார்.

ஆண்டு முடிவில் பாலோன் தோர். ஐரோப்பாவின் சிறந்த வீரர். அதற்கு முன் எந்தக் கோல்கீப்பரும் வாங்கவில்லை. பின்னும் இல்லை.

விசிலடித்த அதே மாஸ்கோ இப்போது எழுந்து நின்று கைதட்டுகிறது.

அவர் அதே இடத்தில் நிற்கிறார்.

*

வாங்கிய கோல் வதைக்காவிட்டால் அவர் என்ன கோல்கீப்பர் என்ற பொருளில் யாஷின் சொன்னதாகச் சொல்வார்கள்.

இன்றைய பயிற்சியாளர்கள் வேறு சொல்லித்தருகிறார்கள். விட்டுவிடு. அடுத்த பந்து.

ஒருவர் வைத்துக்கொள்கிறார். ஒருவர் விட்டுவிடுகிறார். இரண்டு பேரும் பந்தை வலையிலிருந்து குனிந்து எடுக்கிறார்கள். அந்தக் குனிதல் ஒன்றுதான். முதுகு வளைகிறது. எதிரணியின் ஆரவாரம் முதுகின் மேல் விழுகிறது.

*

ஓர் ஆள் பந்தோடு வருகிறான். கோல்கீப்பர் முன்னால் வந்து நிற்பதைப் பார்க்கிறான். உதைக்காமல் பக்கத்தில் தந்துவிடுகிறான். அங்கே பந்து தொலைகிறது.

குறிப்பேட்டில் எதுவும் ஏறவில்லை.

இப்படி எத்தனை. இருபது ஆண்டுகளில் எத்தனை நடக்காதவை. அவற்றால்தான் அந்த வாழ்க்கை ஆகியிருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கைக்குக் கிடைப்பதெல்லாம் நடந்தவை மட்டும்.

*

1966. இங்கிலாந்து. உலகக் கோப்பையில் நான்காம் இடம். வயது முப்பத்தாறு.

1970. மெக்சிகோ. வயது நாற்பது. அணியோடு போகிறார். ஆடவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்பது வயது மனிதரின் கை எங்கே இருந்திருக்கும். முழங்காலின் மேலா. பந்து வரும்போதெல்லாம் விரல் அசைந்திருக்குமா.

*

1980கள். ஒரு கால் எடுக்கப்படுகிறது. நாளத்தில் நோய்.

1990, மார்ச். சோஷலிச உழைப்பின் வீரர் என்ற பட்டம். மார்ச் 20. வயிற்றுப் புற்றுநோய். அறுபது வயது. மாஸ்கோவில் வகான்கோவோ கல்லறைத் தோட்டம்.

இதற்கு மேல் இங்கே சொல்லக் கை வரவில்லை.

*

2018 உலகக் கோப்பை ரஷ்யாவில். அதிகாரப்பூர்வச் சுவரொட்டியில் அவர். காற்றில் நீண்ட உடம்பு. முழங்காலில் பட்டை. தலையில் தொப்பி. விரல் நுனி பந்தை நோக்கி.

ஓவியத்தில் அவர் தரைக்கு வருவதே இல்லை.

உண்மையான ஆட்டத்தில் ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் தரை உண்டு. தோள் முதலில். பிறகு இடுப்பு. புல்லின் ஈரம் சட்டைக்குள். எழ வேண்டும். பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கலாம்.

*

1971, மே 27. மாஸ்கோ, லெனின் அரங்கம். லட்சம் பேர். விடைபெறும் ஆட்டம்.

டைனமோ சங்கங்களின் அணி ஒரு பக்கம். உலக நட்சத்திரங்கள் மறுபக்கம். பாபி சார்ல்டன் வந்திருக்கிறார். கெர்ட் முல்லர் வந்திருக்கிறார். விருந்தினர் என்றாலும் உதைகள் உண்மையானவை. யாஷின் தாவுகிறார், பிடிக்கிறார், கத்துகிறார்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்கள். அவர் நிற்கும்வரை கோல் விழவில்லை. கையுறையைக் கழற்றுகிறார். உள்ளே வரும் விளாதிமிர் பில்குயிடம் தருகிறார்.

பில்குய்க்கு இருபத்து மூன்று வயது. கோமிச்சின் இடம் யாஷினுக்கு வந்தபோது அவருக்கு இருபது.

ஆட்டம் தொடர்கிறது. உலக அணி ஒரு கோல் போடுகிறது. பிறகு இன்னொன்று. 2–2.

அரங்கம் யாஷினைப் பற்றியே பேசிக்கொண்டு கலைகிறது.

பில்குய் அடுத்த பத்து ஆண்டுகள் டைனமோவின் கோல்கீப்பர். மறு ஆண்டு மே 24, பார்சிலோனா, ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி ஆட்டம். கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் மூன்று கோல் போடுகிறது. டைனமோ இரண்டு.